மரை கெட்ட நிப்பிள்

டிராக்டரோடு பூட்டிய டிப்பிங் டிரெய்லர் மண்ணைக் கொட்டுவதற்காகத் தன் தொட்டியை உயர்த்தி நிற்கும்போது, அதைத் தாங்கி நிற்பது இரும்பு என்றே பார்ப்பவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் தாங்கி நிற்பது எண்ணெய். சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய் வெளியேற வழியின்றி நிற்பதால்தான் தொட்டியும் மேலே நிற்கின்றது. எங்கள் பகுதிப் பட்டறைகளில் செய்யப்படும் டிரெய்லர்களில் பெரும்பாலும் ஒருவழிச் சிலிண்டரே பொருத்தப்பட்டிருக்கும். தூக்குவதற்கு எண்ணெய் வேண்டும். இறங்குவதற்குத் தொட்டியின் சொந்த எடையே போதும். ஆகவே எண்ணெய் தப்பிச் செல்ல எங்கேனும் ஒரு வாய் திறந்துவிட்டால், தொட்டி யாரையும் கேட்டுக்கொண்டு இறங்குவதில்லை.

கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 பார். டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயில் அது 150 முதல் 200 பார் வரை செல்லும். 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டர் ஒன்றில் 150 பார் அழுத்தம் ஏறினால், அதன் தண்டு ஏறத்தாழ 12 டன் விசையோடு மேலே தள்ளும். அதே எண்ணெய், அரை அங்குல ஹோஸின் முனையில், நட்டையும் நிப்பிளையும் பிரித்துவிட ஏறத்தாழ 190 கிலோ விசையோடு முட்டிக்கொண்டிருக்கின்றது. மூன்று ஆட்களின் எடை. அதைப் பிடித்து நிறுத்துபவை நிப்பிளின் மேல் ஏழெட்டுச் சுற்றாக வெட்டப்பட்டிருக்கும் மரைகள்.

மரை என்னும் சொல்லை நம்மவர்கள் புத்தி பேதலித்தவரைக் கேலி செய்யவே அதிகம் பயன்படுத்துகிறோம். 'மரை கழன்றவன்' என்று சொல்லிச் சிரிக்கிறோம். நிஜமாகவே மரை கழன்ற இடத்தில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

எமது தம்பியின் பிழைப்பு ஒரு டிராக்டரும் டிரெய்லரும்தான். அத்தா காலத்தில் வாங்கிய வண்டி. அறுவடை நாட்களில் நெல் மூட்டை, கோடையில் ஏரி வண்டல், இடையிடையே செங்கல், எரு என்று ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். நாம் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர்கள்; ஃபஜ்ருக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னுமே எமக்கு வகுப்பு. பகலில் வண்டியின் கணக்கு வழக்குகளைப் பார்ப்பதும், தம்பி பட்டறைக்குச் செல்லும்போது துணைக்குச் செல்வதும் பல ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. ஹைட்ராலிக் பற்றி எமக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பட்டறையின் மர ஸ்டூலில் அமர்ந்து கேட்டதுதான். ஹோஸ் முனையின் மரை கெட்டுப்போவது டிராக்டர், ஜேசிபி வைத்திருக்கும் நம் சகோதரர்கள் பலருக்கும் நேரும் தொல்லை என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

ஹோஸ் பழையதாகி மேலுறை வெடித்திருந்தது. நகரத்தில் ஒரு கடையில் புது ஹோஸ் வெட்டி, இரு முனைகளிலும் நட்டு வைத்துக் கிரிம்ப் செய்து வாங்கி வந்தான் தம்பி. ஒரு முனை சரியாக ஏறிற்று. மறுமுனை, சிலிண்டரின் அடியில் உள்ள நிப்பிளில், ஒன்றரைச் சுற்று ஏறியதும் நின்றது. ஓட்டுநர்ப் பையன் ஸ்பானரின் வாலில் குழாயைச் செருகி மிதித்தான். இன்னும் அரைச் சுற்று ஏறியது. வண்டியை எடுத்துத் தொட்டியைத் தூக்கியவுடன் அந்த இடத்திலிருந்து எண்ணெய் பீய்ச்சிற்று. நட்டைக் கழற்றிப் பார்த்தபோது நிப்பிளின் முதல் இரண்டு மரைகள் நசுங்கி, மூன்றாவதில் தழும்பு விழுந்திருந்தது.

நட்டு வேறு சாதி. அதுதான் விஷயம். நிப்பிள் அரை அங்குல பிஎஸ்பி. கடையில் கிரிம்ப் செய்து கொடுத்த நட்டோ 22 மில்லிமீட்டர் மெட்ரிக். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. 27 ஸ்பானர் இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்தும். உள்ளே கதை வேறு. பிஎஸ்பியில் ஓர் அங்குல நீளத்துக்கு 14 மரைகள், அதாவது மரைக்கு மரை 1.81 மில்லிமீட்டர். மெட்ரிக் நட்டில் அந்த இடைவெளி 1.5 மில்லிமீட்டர். நிப்பிளின் வெளிவிட்டம் 20.9; நட்டின் உள்விளிம்போ 20.4 அளவில் இருக்கும். எனவே பிடிப்பது போலப் பிடித்து, ஒரு சுற்று ஏறுவது போல ஏறி, பிறகு மரைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மரையின் கோணமும் ஒன்றல்ல. பிஎஸ்பிக்கு 55 பாகை, மெட்ரிக்குக்கு 60.

இந்த 55 பாகை இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த அளவு. அதற்கு முன்னர் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்தது; ஒரு பட்டறையின் போல்ட் இன்னொரு பட்டறையின் நட்டில் ஏறாது. அவருடைய அளவிலிருந்து கிளைத்ததுதான் நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரையும், டிரெய்லர் சிலிண்டரின் மரையும். ஜெர்மானிய மரபில் வந்த இயந்திரங்களில் மெட்ரிக், அமெரிக்க மரபில் வந்தவற்றில் ஜேஐசி என்று ஹைட்ராலிக் கடையின் ஒரே அலமாரியில் மூன்று நாடுகளின் மரைகள் குடியிருக்கின்றன. ஜேஐசியின் அரை அங்குல முனைக்கு வெளிவிட்டம் 19 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 16 மரைகள். வெர்னியரும் மரை அளக்கும் சீப்புத் தகடும் இருந்தால் இவற்றைப் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் செலவழிக்கப்படாததால்தான் இத்தனையும்.

கெட்ட மரையைச் சரிசெய்யலாமா என்பதற்கு முன், சரிசெய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வி இருக்கின்றது. ஹோஸ் முனையிலுள்ள நட்டு கெட்டால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை கிரிம்ப் செய்வதே முறை. கழற்றி மாட்டும் அடாப்டரில் மரை கெட்டால் புதிது வாங்குவதே முறை. சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக அரத்தைக் கையில் எடுப்பது வீண். எங்கள் சிலிண்டரின் தொல்லை என்னவென்றால், நிப்பிள் கழற்றக்கூடியதல்ல. சிலிண்டரின் உடலோடு பற்றவைக்கப்பட்டது. அதை மாற்ற வேண்டுமானால் சிலிண்டரை இறக்கி, தண்டை உருவி, ரப்பர் சீல்களையெல்லாம் எடுத்துவிட்டு, பழையதை வெட்டிப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் சிலிண்டரின் உட்சுவர் கோணிவிடும் அபாயமும் உண்டு. குறைந்தது நான்கு நாட்கள் வண்டி நிற்கும். அறுவடைக் காலத்தில் நான்கு நாட்கள்.

லேத் பட்டறை அண்ணன் எழுபதை நெருங்கியவர். வண்டியின் அடியில் சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து, நகத்தால் தடவிப் பார்த்தார். அவர் முதலில் தடவியது மரையை அல்ல, நிப்பிளின் வாயை. எமக்கு அது வியப்பாக இருந்தது.

"மரை கெட்டது கெடக்கட்டும் ஹஜ்ரத். இந்தக் கோன்ல கீறல் இருந்துச்சுன்னா நான் கையே வெக்க மாட்டேன்" என்றார்.

அதன் பொருளை அவர் பின்னர் விளக்கினார். இவ்வகை முனையில் எண்ணெயைத் தடுப்பது மரை அன்று. நிப்பிளின் வாய் உட்புறமாகப் புனல் போலச் சரிந்திருக்கும். ஹோஸ் முனையில் அதற்கேற்ற கூம்பு இருக்கும். கூம்பு புனலில் அழுந்தி உட்கார்வதால்தான் எண்ணெய் அடைபடுகின்றது. மரையின் வேலை அந்த இரண்டையும் விடாமல் இறுக்கிப் பிடித்திருப்பது மட்டுமே. புனலின் குறுக்கே நகத்துக்குத் தட்டுப்படும் அளவு கீறல் இருந்தாலும், மரை புத்தம் புதியதாக இருந்தாலும், எண்ணெய் கசியும். கசிவதை நிறுத்துவதாக எண்ணி மேலும் மேலும் முறுக்கினால் கூம்பு நசுங்கும். பிறகு எதுவும் உதவாது. எங்கள் நிப்பிளின் புனலில் கீறல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்து அவர் நல்ல மரைகளை எண்ணினார். மொத்தம் எட்டு. இரண்டு போக ஆறு. அதில் ஒன்றில் தழும்பு. "அஞ்சரை" என்றார். பாரத்தை எல்லா மரைகளும் சமமாகச் சுமப்பதில்லை என்பதையும், கூம்பு அழுந்தும் வாய்ப்பக்கத்து மரைகள் அதிகமாகவும் பின்னுள்ளவை குறைவாகவும் சுமக்கின்றன என்பதையும் அன்றுதான் அறிந்தோம். கெட்டிருப்பவையோ வாய்ப்பக்கத்தவை. இரண்டு மரைகளும் முழுதாகச் சிதைந்திருந்தால் தாம் மறுத்திருப்பார் என்றும், இவை நசுங்கித்தான் இருக்கின்றன, உதிரவில்லை என்றும் சொன்னார். உலோகம் இடம்பெயர்ந்திருந்தால் அதைத் திரும்ப இடத்தில் அமர்த்தலாம். உதிர்ந்து போயிருந்தால் கொண்டுவர முடியாது. இந்த வேறுபாட்டை அவர் மூன்று தடவை சொன்னார்.

தம்பிக்கு அவசரம். பக்கத்துத் தெருவில் பிளம்பர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் அரை அங்குல டை இருக்கின்றது, வாங்கி வந்து ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது என்றான். அங்குலத்துக்கு 14 மரை, 55 பாகை, எல்லாம் ஒத்து வருகின்றது. பலரும் செய்வது இதைத்தான்.

"அது டேப்பர் தம்பி. போட்டேன்னா நிப்பிளைத் தின்னுட்டுத்தான் வெளிய வரும்" என்று அண்ணன் கையை விரித்தார்.

தண்ணீர்க் குழாயின் மரை முனையை நோக்கிச் சற்றே மெலிந்து செல்லும்படி வெட்டப்படுவது; 16 பங்கு நீளத்துக்கு விட்டத்தில் ஒரு பங்கு மெலிவு. அங்கே மரையே இறுகி நூலோடும் டேப்போடும் சேர்ந்து தண்ணீரை அடைக்க வேண்டும் என்பதால் அந்த ஏற்பாடு. ஹைட்ராலிக் நிப்பிளின் மரையோ இருமுனையும் ஒரே விட்டம். பிளம்பரின் டை அதன் மேல் ஏறினால் முனையிலுள்ள மரைகளின் தலையையும் தோளையும் சீவிவிடும். பார்வைக்குப் பளபளவென்று புது மரை போல இருக்கும். நட்டும் இலகுவாக ஏறும். பிடிமானம் மட்டும் இருக்காது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இந்தப் பழுதுபார்ப்பைப் போல ஆபத்தானது வேறில்லை என்பதே எமது கருத்து.

அவர் செய்த முறை பொறுமையானது. முதலில் தொட்டியை முழுதும் இறக்கி, இஞ்சினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் நான்கைந்து முறை தள்ளி, குழாயில் மிச்சமிருந்த அழுத்தத்தை வெளியேற்றச் சொன்னார். நிப்பிளின் வாயில் ஒரு கார்க்கை அழுத்திச் செருகினார். அரத்தூள் ஒரு துளி உள்ளே போனாலும் அது எண்ணெயோடு சுற்றி, கண்ட்ரோல் வால்வின் தண்டுக்கும் துளைக்கும் இடையே சென்று உட்காரும். அங்குள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. மரையைக் காப்பாற்றிவிட்டுப் பம்பைப் பலிகொடுத்தவர்கள் உண்டு. துணியை அடைப்பாக வைக்கக் கூடாதாம், நூல் உள்ளே சென்றுவிடும். கை துடைக்கப் பட்டறை முழுவதும் பனியன் வேஸ்ட் குவிந்து கிடந்தாலும் நிப்பிளின் வாயருகே அதை அவர் கொண்டுவரவில்லை.

பிறகு முதல் மரையின் தொடக்கத்தில், முற்றிலும் நசுங்கி மடிந்திருந்த கால் சுற்று அளவை மட்டும் மெல்லிய அரத்தால் சீவி நீக்கினார். நட்டு நேராக நுழைய ஒரு சுத்தமான வாசல் வேண்டும் அல்லவா. பழைய மரை அரம் ஒன்று அவரிடம் இருந்தது. சதுரக் கம்பி போன்றது; நான்கு முகங்கள், இரு முனைகள், ஆக எட்டு அளவுகளில் பல் வெட்டியிருக்கும். அதில் 14 என்று பொறித்த முகத்தை மரைகளின் மேல் படிய வைத்தார். நல்ல மரைகளில் அதன் பற்கள் அமர்ந்து வழி காட்ட, கெட்ட மரைகளின் மேல் அது மெதுவாக நகர்ந்தது. முக்கோண அரத்தைக் கொண்டு ஒவ்வொரு பள்ளமாகத் தோண்டுவது கைவேகம் மிக்கவர்களின் வேலை என்றும், அதன் முனை 60 பாகை என்பதால் 55 பாகைப் பள்ளத்தின் அடிவரை அது போகாது என்றும் சொல்லிக்கொண்டே செய்தார்.

அதற்குப் பின் செய்ததுதான் எம்மை மிகவும் கவர்ந்தது. சரியான அளவுடைய பழைய பேரலல் டை ஒன்றை அவர் எப்போதோ இரண்டு பாதியாக அறுத்து வைத்திருந்தார். நிப்பிளின் அடிப்பகுதியில், கெடாமல் இருந்த மரைகளின் மேல் அந்த இரு பாதிகளையும் சேர்த்து வைத்து, வெளியே ஒரு வளையத்தைப் பூட்டி இறுக்கினார். பின்னர் எண்ணெய் விட்டு, உள்ளிருந்து வெளிநோக்கிச் சுற்றினார். கெட்ட முனையிலிருந்து தொடங்கினால் டை வழி தவறி, கோணலான புது மரையை வெட்டிவிடும். நல்ல மரையில் தொடங்கினால் அதுவே கையைப் பிடித்துக் கெட்ட மரையின் ஊடாக அழைத்து வருகின்றது. நாம் ஓதிக்கொடுக்கும்போதும் ஒரு பிள்ளை நடுவில் தடுமாறினால், தடுமாறிய சொல்லிலிருந்து தொடங்கச் சொல்வதில்லை. அவனுக்கு நன்றாக வரும் முந்தைய இடத்திற்குப் போய் அங்கிருந்து வரச் சொல்வோம். இதை அண்ணனிடம் சொன்னபோது, "உங்க தொழிலும் மரைத் தொழில்தான் போல" என்று சிரித்தார்.

டீசலில் நனைத்த பிரஷால் கழுவி, கார்க்கை எடுத்து, வாயை மீண்டும் கழுவினார். பம்பைச் சில விநாடிகள் ஓட்டி, ஹோஸின் முனையிலிருந்து வந்த எண்ணெயை ஒரு வாளியில் பிடித்து வெளிச்சத்தில் அசைத்துப் பார்த்தார். பிறகு சரியான பிஎஸ்பி நட்டு ஒன்றை எடுத்து விரல்களால் மட்டும் சுற்றினார். ஸ்பானர் இல்லாமல், அடிவரை, சிக்காமல் ஏற வேண்டும். நடுவில் ஆடவும் கூடாது. அதுவே தேர்வு. ஏறியது. இரண்டாம் மரையின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறு பள்ளம் மிஞ்சியிருந்தது. அதை எமக்கும் தம்பிக்கும் தொட்டுக் காட்டினார்.

ஓட்டுநர்ப் பையன் டெஃப்லான் டேப்போடு வந்து நின்றான். அவர் அதைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மரை அடைக்காத இடத்தில் டேப்புக்கு வேலையில்லை. அதன் கிழிசல்கள் வால்வுக்குள் போவதோடு, வழவழப்பினால் அளவுக்கு மீறி முறுக்கவும் தூண்டும். மரை ஒட்டும் பசைகளும் இப்படித்தான். இல்லாத மரையை எந்தப் பசையும் உண்டாக்காது.

தொட்டியை வெறுமையாகத் தூக்கி, பிறகு அரைப் பாரத்தோடு, பிறகு முழுப் பாரத்தோடு தூக்கிப் பார்த்தோம். இணைப்பைச் சோதிக்க அவர் பயன்படுத்தியது ஓர் அட்டைத் துண்டு. குச்சியின் நுனியில் அட்டையைச் செருகி, தள்ளி நின்று அதைச் சுற்றி நகர்த்தினார். பையன் கையை நீட்டியபோது அவர் போட்ட அதட்டலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

இதை நம் சகோதரர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஊசித் துளை அளவான இடத்திலிருந்து 150 பாரில் வெளிவரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்கலாம். ஆனால் அது தோலைத் துளைத்து உள்ளே புகும். முள் குத்தியது போலச் சிறு வலி, ஒரு துளிப் புள்ளி. அவ்வளவே தெரியும். எமக்குத் தெரிந்த ஓர் இயந்திர ஓட்டுநர் அப்படித்தான் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குச் சென்று உறங்கினார். மறுநாள் முன்கை வரை வீங்கி, இறுதியில் இரண்டு விரல்களை இழந்தார். உள்ளே புகுந்த எண்ணெய் தசையை அழிக்கும். அறுவை செய்து கழுவி எடுக்க வேண்டியது அது. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விரலுக்கு எதிரானது. காயம் சிறிதாக இருக்கின்றதே என்று மருத்துவரும் களிம்பு தடவி அனுப்பிவிடக்கூடும். ஆகவே, 'அழுத்தத்தோடு எண்ணெய் உள்ளே போய்விட்டது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பட்டறைப் பிள்ளைகள் எம்மிடம் அடிக்கடி கேட்பது: கையில் எண்ணெயோடு உளூ கூடுமா? கையில் வெறும் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்து, நீர் உறுப்பின் மேல் ஓடினால் உளூ கூடும். கிரீஸ் தடித்துப் படலமாக ஒட்டி நீரைத் தோலில் படவிடாமல் தடுத்தால், அதை நீக்கிய பின்பே உளூச் செய்ய வேண்டும். தேய்த்துக் கழுவ டீசலைவிடச் சீயக்காயும் மரத்தூளும் நல்லவை.

வண்டி அறுவடை முழுவதும் ஓடிற்று. அந்த நட்டின் மேல் எண்ணெய் பூத்ததில்லை. ஆயினும் தொட்டி உயர்ந்திருக்கும்போது அடியில் எவரும் தலையை நீட்டக் கூடாது என்றும், அடியில் வேலை இருந்தால் பனங்கட்டையை முட்டுக் கொடுத்த பிறகே செல்ல வேண்டும் என்றும் தம்பியிடம் உறுதி வாங்கியிருந்தோம். நல்ல மரையுள்ள வண்டிக்கும் இது பொருந்தும்.

தை பிறந்ததும், பெரிய டிரெய்லர் வாங்குவதற்காகத் தம்பி இதை விற்க முனைந்தான். வாங்க வருபவர் பக்கத்து ஊர்க்காரர். அவர் வருவதற்கு முந்தைய இரவு தம்பி எம்மிடம் கேட்டான்: "அண்ணே, அந்த நிப்பிள் விஷயத்தச் சொல்லணுமா? அதான் சரியாயிடுச்சே. ஆறு மாசமா ஒரு சொட்டுக் கசியல."

அவனுடைய கேள்வியில் நேர்மை இருந்தது. ஏமாற்ற எண்ணுபவன் எம்மிடம் வந்து கேட்கமாட்டான். குறையை மறைத்து விற்கலாகாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கியாருல் ஐப் என்று ஃபிக்ஹில் அதற்கொரு தனிப் பாடமே இருக்கின்றது. ஐயமெல்லாம், சரிசெய்யப்பட்ட மரை குறையா இல்லையா என்பதில்தான். அந்தப் பாடத்தில் சட்ட அறிஞர்கள் தரும் அளவுகோல் எளியது: அத்தொழில் செய்யும் வணிகர்களின் வழக்கில் எது விலையைக் குறைக்குமோ அது குறை. முடிவு சொல்ல வேண்டியவர்கள் நாமும் அல்லர், தம்பியும் அல்லன்.

மறுநாள் காலை லேத் அண்ணனிடமே சென்று, "இது தெரிந்தால் நீங்கள் விலையைக் குறைப்பீர்களா?" என்று கேட்டோம். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "குறைப்பேன். என் கை வேலைதான். இருந்தாலும் குறைப்பேன்."

வாங்க வந்தவரை டிரெய்லருக்கு அடியில் அழைத்துச் சென்று, நட்டைக் கழற்றி, அந்த இரண்டாம் மரையின் பள்ளத்தைத் தம்பியே தொட்டுக் காட்டினான். அவர் டார்ச் வாங்கி வரச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார். மூவாயிரம் குறைக்கச் சொன்னார். இரண்டாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. ஓய்வான மாதத்தில் சிலிண்டரை இறக்கிப் புது நிப்பிள் போட்டுவிடப் போவதாகச் சொல்லி, லேத் அண்ணனின் கைப்பேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டார். வண்டி புறப்படும்போது தம்பி ஓடிச்சென்று, எங்கள் கொல்லையில் கிடந்த பனங்கட்டையைத் தூக்கி வந்து தொட்டிக்குள் போட்டான்.